பொருளும் அருளும்: ஜான் வெஸ்லியின் கணக்கேடு

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். செல்வம் என ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கருத்தும் இருத்தல் வேண்டும் என நம் முன்னோர் எண்ணினர் போலும்! திருவள்ளுவர் பொருட்பாலை அறத்துப்பாலுக்குப் பின்னும் இன்பத்துப்பாலுக்கு முன்னும் வைத்தார். பொருள் செயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்துப் பொருளீட்டலின் இன்றியமையாமையை வற்புறுத்திய அவரே, நன்றியில் செல்வம் என மற்றோர் அதிகாரம் வகுத்து, பயன்படாச் செல்வத்தின் சிறுமையையும் எடுத்துரைத்தார். பொருளை வெறுத்தலும் வேண்டா, வணங்கலும் வேண்டா என்பதே நம் மரபு கண்ட நெறி.

கிறித்தவ சமயம் இவ்வாறன்று, அது பொருளையே வெறுக்கச் சொல்லும் சமயம் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். ஊசியின் காதில் நுழைய இயலாத ஒட்டகத்தைச் செல்வனுக்கு உவமையாக இயேசு பெருமான் கூறியதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆயினும் தூய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், தீமைகளுக்கெல்லாம் வேர் என்று சுட்டியது பணத்தை அன்று. பண ஆசையையே ஆகும். இவ்வேறுபாடு சொல்லளவில் சிறிது, வாழ்வளவில் பெரிது. பணத்தைக் கையில் வைத்துக் கொண்டே அதன்மீது ஆசை வைக்காமல் வாழ்தல் எவ்வாறு? இவ்வினாவுக்கு நூலால் மட்டுமன்றித் தம் வரவு செலவுக் கணக்காலும் விடையெழுதிய ஒருவரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவர், 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி.

கடனும் கல்வியும்

வெஸ்லி 1703-ஆம் ஆண்டில் எப்வொர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் வெஸ்லி அவ்வூர்த் திருச்சபைக் குரு, கற்றவர், ஆனால் கணக்கில் தேறாதவர். தாயார் சூசன்னா 19 மக்களைப் பெற்றார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். 1705-இல் கடனுக்காகச் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது ஜானுக்கு வயது இரண்டு. சூசன்னா தம் மோதிரங்களைக் கணவருக்கு அனுப்பி வைத்தார். அவர் அவற்றை வாங்க மனமின்றித் திருப்பி அனுப்பினார். உங்களுக்கு என்றேனும் உணவே இல்லாமற் போனதுண்டா என யார்க் பேராயர் அவ்வம்மையாரைக் கேட்டாராம். உணவு இல்லாமற் போனதில்லை. ஆனால் உண்ணுமுன் அதைப் பெறுவதற்கும், உண்டபின் அதற்குப் பணம் கொடுப்பதற்கும் பட்ட பாடு அவ்வுணவைக் கசப்பாக்கிவிட்டது என்ற கருத்துப்பட அவர் விடை கூறினார். கடன்பட்ட குடும்பத்தின் துயரை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

இத்தாயாரின் வாழ்வில் தமிழர்களாகிய நாம் அறியத்தக்க ஒரு செய்தியும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் பயின்ற சீகன்பால்கு என்னும் செர்மானிய அறிஞரும் அவர்தம் தோழரும் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. அம்மடல்களின் செய்தி சூசன்னாவின் கைக்கு எட்டிற்று. அயல்நாட்டு மக்களுக்காக இவர்கள் இத்துணை உழைக்க, நாம் நம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் என்ன செய்தோம் என அவர் உள்ளம் நெகிழ்ந்தது. ஞாயிறு மாலைகளில் தம் இல்லத்தில் அயலாரைக் கூட்டிப் படித்துக் காட்டினார். பிள்ளைகள் ஒவ்வொருவருடனும் கிழமைக்கு ஒருமுறை தனித்து அமர்ந்து உரையாடினார். 1712-இல் கணவருக்கு எழுதிய மடலில் இதனை அவரே குறிப்பிட்டுள்ளார். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற ஓர் ஏடு, வெஸ்லி வளர்ந்த வீட்டில் ஒரு விளக்கை ஏற்றியது எனின் மிகையன்று.

இருபத்தெட்டுப் பவுன்

வெஸ்லி ஆக்ஸ்போர்டில் பயின்று, 1726-இல் அங்குள்ள லிங்கன் கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடனுக்கு அஞ்சி வளர்ந்த இளைஞருக்கு நிலையான வருவாய் கிட்டியது. தம் அறைக்குச் சில படங்கள் வாங்கிச் சுவரில் மாட்டினார். ஒரு குளிர்காலத்தில் இளம்பெண் ஒருத்தி மெல்லிய ஆடையுடன் நடுங்கி வந்து நின்றாள். அவளுக்கு ஏதேனும் கொடுக்க எண்ணிச் சட்டைப் பையில் கைவிட்டார், போதிய பணமில்லை. சுவரிலிருந்த படங்கள் அப்போது அவரை நோக்கிக் குற்றஞ்சாட்டின. அவளைக் குளிரினின்றும் காத்திருக்கக்கூடிய பணமன்றோ சுவரில் தொங்குகிறது என எண்ணி வருந்தினார். முதுமையில், ஆடையணிகளைப் பற்றி ஆற்றிய பேருரையில் இதனை அவரே எடுத்துரைத்தார்.

1787-இல் வெளியிட்ட மற்றோர் உரையில் ஆக்ஸ்போர்டு இளைஞர் ஒருவரின் கணக்கைக் கூறுகிறார். பெயர் குறிக்கவில்லையாயினும், அவ்விளைஞர் வெஸ்லியே என அவர் வரலாறு எழுதினோர் கொள்வர். முதல் ஆண்டு வருவாய் 30 பவுன், செலவு 28, ஈந்தது 2. மறு ஆண்டு வருவாய் 60, செலவு அதே 28, ஈந்தது 32. மூன்றாம் ஆண்டு 90, ஈந்தது 62. நான்காம் ஆண்டு 120, ஈந்தது 92. வருவாய் நான்கு மடங்காயிற்று. செலவு ஒரு பவுன் தானும் உயரவில்லை.

கணக்கேடுகளோடு நாளும் பழகுவோர் இக்கணக்கின் அருமையை நன்கு உணர்வர். அலுவலகமாயினும் இல்லமாயினும், வரவு உயருமுன்பே செலவு உயர்ந்துவிடுதல் உலகியற்கை. அகவிலைப்படி அறிவிப்பு வரும் முன்னரே அதற்குரிய செலவு வீட்டில் அறிவிக்கப்பட்டுவிடுகிறது! வரவுக்கும் தேவைக்கும் இடையேயுள்ள இக்கட்டை அவிழ்த்ததே வெஸ்லி செய்த முதற்செயல். இவ்வளவு எனக்குப் போதும் என்பதை வருவாயைக் கேட்டு அவர் தீர்மானிக்கவில்லை. தேவையைக் கேட்டுத் தீர்மானித்தார்.

மூன்று விதிகள்

பணத்தைப் பயன்படுத்தும் முறை பற்றி வெஸ்லி ஆற்றிய பேருரை 1760-இல் அச்சாயிற்று. லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதையே அதற்கு அடிப்படை. உக்கிராணக்காரன் என்பது நம் பழைய தமிழ் வேதாகமம் ஆண்ட அழகிய சொல். களஞ்சியத்தின் திறவுகோல் அவனிடம் இருக்கும். களஞ்சியம் அவனுடையது அன்று. மனிதன் செல்வத்தின் உடைமையாளன் அல்லன், உக்கிராணக்காரனே என்பதுதான் வெஸ்லியின் அடிப்படைக் கொள்கை.

பணத்தைப் பழித்துப் பேசும் புலவர்களையும் அறிஞர்களையும் அவர் அவ்வுரையின் தொடக்கத்திலேயே மறுக்கிறார். நல்லார் கையில் பணம் பசித்தவனுக்கு உணவு, ஆடையற்றவனுக்கு ஆடை, வழிப்போக்கனுக்கு உறைவிடம். குற்றம் பணத்தினுடையது அன்று, பயன்படுத்துவோருடையது என்கிறார். பின்னர் மூன்று விதிகளை வகுக்கிறார். இயன்ற மட்டும் ஈட்டுதல் முதல் விதி. இயன்ற மட்டும் சேமித்தல் இரண்டாம் விதி. இயன்ற மட்டும் ஈதல் மூன்றாம் விதி.

முதல் விதிக்கு வேலி உண்டு. உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டு ஈட்டலாகாது. மனச்சான்றைக் கெடுத்துக்கொண்டு ஈட்டலாகாது. பிறருடைய பொருளுக்கோ உடலுக்கோ ஆன்மாவுக்கோ கேடு செய்து ஈட்டலாகாது. ஏழையின் இடுக்கணைப் பயன்படுத்தும் அடகுக்கடை வாணிகத்தை அவர் கண்டித்தார். சாராயம் விற்றுச் செல்வரானவர்களின் மாளிகைகளையும் தோட்டங்களையும் சுட்டி, அவற்றில் குருதிக்கறை உண்டு என இடித்துரைத்தார். பணத்துக்காக நோயை நீட்டிக்கும் மருத்துவரையும் விட்டுவைக்கவில்லை. 1774-இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். பிறரை அடிமையாக்கித்தான் செல்வம் வர வேண்டுமெனின் அச்செல்வமே வேண்டா என்பது அந்நூலின் உட்கிடை. 1791 பிப்ரவரியில், இறப்பதற்குச் சில நாட்களே இருந்தபோது, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்சுக்கு ஊக்கமூட்டி மடல் எழுதினார்.

இரண்டாம் விதி சிக்கனம். நாவின் சுவைக்கும் கண்ணின் ஆசைக்கும் பிறர் புகழ்ச்சிக்கும் வீணே செலவிடலாகாது. பிள்ளைகளுக்காக எனச் சொல்லிக்கொண்டு நாம் நமக்கே மறுத்த ஆடம்பரத்தை அவர்களுக்கு வாங்கித் தருதல் அவர்களுக்கு நஞ்சூட்டுவதே ஆகும். பெருஞ்செல்வத்தை மக்களுக்கு விட்டுச் செல்வோருக்கும் ஓர் அறிவுரை கூறுகிறார்: பணத்தின் நற்பயனை அறிந்த பிள்ளை ஒருவன் உளனாயின் பெரும்பகுதியை அவனுக்கு அளிக்கலாம், ஏனையோர்க்கு அவர்கள் பழகிய வாழ்வை நடத்தப் போதுமானதை அளித்தால் போதும்.

இவ்விரண்டோடு நிற்பவன் எதையும் சேமித்தவன் ஆகான் என்கிறார் வெஸ்லி. பணத்தைக் கடலில் எறிவதும் மண்ணில் புதைப்பதும் ஒன்றே. மண்ணில் புதைப்பதும் பெட்டியில் அல்லது வங்கியில் முடக்குவதும் ஒன்றே. பயன்படாத சேமிப்பு சேமிப்பன்று. ஆகவே மூன்றாம் விதி முதலிரண்டுக்கும் மேலே பூட்டிய அணிகலன் அன்று. அவற்றுக்கு உயிரே அதுதான். ஈதலை நீக்கிவிட்டால் ஈட்டுதல் பேராசையாகும், சேமித்தல் கஞ்சத்தனமாகும்.

ஈதலுக்கும் ஓர் ஒழுங்கு வகுத்தார். முதலில் தன் உணவு, உடை, உடல்நலம். அடுத்து மனைவி, மக்கள், பணியாளர். அதன்பின் உடன் வழிபடுவோர். இறுதியில் மனிதர் அனைவரும். தன் குடும்பத்தைப் பட்டினியிட்டு ஊருக்கு வழங்கச் சொன்னவர் அல்லர் அவர்.

ஒரு பென்னியும் ஒரு கடன் நிதியும்

கொள்கை சொல்லளவில் நின்றுவிடவில்லை. பிரிஸ்டல் நகரில் அவர் கட்டிய வழிபாட்டுக் கூடத்தின்மீது கடன் இருந்தது. அதனைத் தீர்க்கும் வழியை ஆராய 1742 பிப்ரவரியில் உறுப்பினர் கூடினர். கிழமைக்கு ஒரு பென்னி ஒவ்வொருவரும் தரலாம் என்றார் கப்பல் தலைவர் ஒருவர். பலர் அதற்கும் வழியற்ற ஏழைகளாயிற்றே என்றார் மற்றொருவர். உடனே அக்கப்பல் தலைவர், மிக வறியவர் பதினொருவரை என்னிடம் ஒப்படையுங்கள். அவர்கள் தர இயலாததை நான் தருவேன் என்றார். இவ்வாறு பன்னிருவர் கொண்ட சிறு குழுக்கள் தோன்றின. பென்னி திரட்ட வீடுதோறும் சென்றவர்கள் அவ்வீட்டாரின் துன்பங்களையும் கண்டனர். குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்தன. மெதடிஸ்டு இயக்கத்தின் முதுகெலும்பாக விளங்கிய வகுப்புக் கூட்டங்கள், ஒரு கடன் கணக்கிலிருந்தே பிறந்தன என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இலண்டனில் பாழடைந்து கிடந்த பழைய பீரங்கி வார்ப்புச் சாலை ஒன்றை வெஸ்லி வாங்கித் தம் தலைமையிடமாக்கினார். அங்கே 1746-இல் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். அதே காலத்தில், செல்வரிடம் நகரெங்கும் நடந்து இரந்து 50 பவுன் திரட்டி ஒரு கடன் நிதியும் அமைத்தார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையிலும் பொறுப்பாளர் இருவர் அமர்ந்து, ஒருவருக்கு 20 ஷில்லிங் வரை, அதாவது ஒரு பவுன் வரை, கடன் கொடுப்பர். மூன்று மாதங்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஐம்பதே பவுனைக் கொண்டு ஓராண்டில் 250 பேருக்கு உதவ முடிந்தது என வெஸ்லி வியந்து எழுதியுள்ளார். தந்தையைச் சிறைக்கு அனுப்பிய கடனை, ஏழையைத் தூக்கிவிடும் கைத்தடியாக மாற்றினார் மகன்.

பின்னாளில் கடனின் வரம்பு 5 பவுனாக உயர்ந்தது. 1770-களில் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்னும் ஏழைச் செருப்புத் தொழிலாளி, பழைய புத்தகக் கடை ஒன்றைப் பெருக்குவதற்காக இந்நிதியில் வட்டியின்றி 5 பவுன் கடன் பெற்றார். ரொக்கத்துக்கே விற்பது, குறைந்த இலாபம் கொள்வது என்னும் முறையால் இலண்டனின் மிகப் பெரிய புத்தக வணிகருள் ஒருவராக உயர்ந்தார். செல்வரானதும் மெதடிஸ்டுகளைத் துறந்து, 1791-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அவர்களை எள்ளி நகையாடினார். முதுமையில் அதற்கு வருந்தி 1804-இல் மற்றொரு நூல் எழுதினார். வழிபாட்டு இல்லங்கள் கட்டவும் பொருளுதவினார். செல்வம் மனிதனை எங்கெங்கே அழைத்துச் செல்லும் என்பதற்கு இவ்வொருவர் வாழ்வே போதிய சான்று.

வெள்ளிக் கரண்டிகள்

வெஸ்லியின் நூல்கள் ஏராளமாக விற்றன. இவர் வீட்டில் வெள்ளிப் பாத்திரங்கள் குவிந்திருக்க வேண்டும் என அரசு வரித்துறையினர் எண்ணினர். வெள்ளிப் பாத்திரங்களுக்கு அந்நாளில் வரி உண்டு. கணக்குக் காட்டவில்லையே எனக் கேட்டு 1776-இல் ஓர் ஓலை வந்தது. இலண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, ஆக நான்கு வெள்ளித் தேக்கரண்டிகள் தம்மிடம் உள்ளன. தம்மைச் சூழ்ந்துள்ள பலர் உணவின்றி இருக்கும்வரை மேலும் வாங்கப் போவதில்லை என்று வெஸ்லி விடை எழுதினார். அரசு அலுவலகக் கோப்புகளில் இத்தகைய விடைகள் வருதல் அரிதினும் அரிது.

தாம் இறக்கும்போது பத்துப் பவுனுக்கு மேல் வைத்திருந்தால் தம்மைத் திருடன் என்றே உலகம் கூறலாம் என நடுவயதிலேயே அவர் எழுதியிருந்தார். 1790 ஜூலையில், நடுங்கும் கையால் தம் கணக்கேட்டில் இறுதிக் குறிப்பை எழுதி ஏட்டை மூடினார். இயன்றதைச் சேமித்து, இயன்றதை, அதாவது உள்ளதனைத்தையும், கொடுத்து வருவதாக மனம் நிறைவுற்றமையால் இனிக் கணக்கு வேண்டா என்பதே அதன் கருத்து. 1791 மார்ச் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். தம் உடலைச் சுமந்து செல்லும் ஏழைகள் அறுவருக்கு 6 பவுன் பகிர்ந்தளிக்குமாறு இறுதி விருப்ப ஆவணத்தில் எழுதியிருந்தார். நூல்களின் உரிமையும் அவற்றின் வருவாயும் இயக்கத்தின் பணிக்குச் சென்றன.

மூன்றாம் விதியின் தோல்வி

இவ்வளவோடு நிறுத்தினால் இது புகழுரையாகும், வரலாறு ஆகாது. வெஸ்லியின் முதலிரண்டு விதிகளும் பெருவெற்றி பெற்றன. அவ்வெற்றியே அவரை முதுமையில் வாட்டியது. குடியை விட்ட தொழிலாளி உழைத்தான். உழைத்தவன் சிக்கனமாக வாழ்ந்தான். சிக்கனமாக வாழ்ந்தவன் செல்வனானான். செல்வனானவன் இறைவனையும் ஏழையையும் மறந்தான். சமயப்பற்று உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கும். அவை செல்வத்தை வளர்க்கும். செல்வம் வளர வளரச் சமயப்பற்றுத் தேயும் என்னும் இச்சுழற்சியை 1786-இல் அவரே எழுதிவைத்தார். 1789-இல், ஐம்பதாயிரம் மெதடிஸ்டுகளுள் மூன்றாம் விதியைக் கைக்கொள்வோர் ஐந்நூற்றுவரேனும் தேறுவரோ என ஐயுற்று வருந்தினார். தாம் தோற்றுவித்த இயக்கத்தின் குறையை இவ்வாறு எண்ணிட்டு உரைத்த தலைவர் சிலரே.

செர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் தம் புகழ்பெற்ற ஆய்வில், முதலாளித்துவ மனப்பான்மைக்கும் சீர்திருத்தக் கிறித்தவத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குகையில் வெஸ்லியின் இக்கூற்றைச் சான்றாகக் காட்டினார். ஆங்கில வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1963-இல் வெளியிட்ட நூலில், மெதடிஸ்டு இயக்கம் தொழிலாளரை ஆலை முதலாளிகளின் கட்டுக்குப் பணியவைத்தது எனக் கடிந்துரைத்தார். இக்குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஈதலை மறந்த பின்னோரைச் சாரும் அளவுக்கு, நான்கு கரண்டிகளோடு வாழ்ந்தவரைச் சாரா.

மற்றொரு தடையும் எழுப்பலாம். வெஸ்லிக்கு மக்கட்பேறு இல்லை. 1751-இல் அவர் மணந்த கைம்பெண்ணின் செல்வத்தை அவ்வம்மையார்க்கும் அவர்தம் மக்களுக்குமே உரியதாக்கினார். பிள்ளைகளின் கல்விக்கும் மகளின் திருமணத்துக்கும் பொருள் தேட வேண்டிய இல்லறத்தானுக்கு, 28 பவுன் கணக்கு பொருந்துமா? பொருந்தாது என்பதே நேர்மையான விடை. அதனாலன்றோ அவரே தம் விதிகளில் குடும்பத்துக்கு முதலிடம் வைத்தார்! அவர் கணக்கிலிருந்து நாம் கொள்ள வேண்டியது தொகையை அன்று, முறையை.

நமக்குரியது

வெஸ்லியின் பெயர் தமிழுலகுக்குப் புதிதன்று. அவர் வழிவந்த தொண்டர்கள் 1814-இல் இலங்கைக்கு வந்தனர். 1817-இல் அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிய பீட்டர் பெர்சிவல் இவ்வியக்கத்தைச் சார்ந்தவர். அவர் நடத்திய பள்ளியில் பணியாற்றிய ஆறுமுக நாவலரே அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றார். தரங்கம்பாடியிலிருந்து எப்வொர்த்துக்குச் சென்ற விளக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் கரைக்கே திரும்பி வந்தது.

ஊரைவிட்டுப் பிழைப்பு நாடி வடபுலம் வந்த நம் குடும்பங்களுக்கு முதல் விதியும் இரண்டாம் விதியும் எவரும் கற்பிக்க வேண்டியவை அல்ல. ஓரறை வீட்டில் வாழ்ந்து, ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பி, தம்பி தங்கையரைக் கரையேற்றியவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் உழைப்பையும் சிக்கனத்தையும் ஈகையையும் ஒருங்கே அறிந்தவர்கள். ஆபத்து அதன்பின் வருகிறது. ஓரறை மூன்றறையாகும், மிதிவண்டி மகிழுந்தாகும், அவையும் விரைவில் தேவைகளாகவே தோன்றும். ஊருக்கு அனுப்பும் தொகை மட்டும் அங்கேயே நிற்கும். முன்பு வறுமையிலும் கொடுத்த கை, வளமையில் இனிமேல்தான் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கும். 1786-இல் வெஸ்லி கண்டு அஞ்சிய சுழற்சி எந்த ஒரு சமயத்தார்க்கும் மட்டும் உரியதன்று.

சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒன்றுகூடும் இத்தமிழ்ச் சங்கத்தில், ஈகை எச்சமயத்தின் அறம் என்று வழக்காட இடமில்லை. வீட்டுக் கணக்கு எழுதுவோர் பெரும்பாலும் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், சேமிப்பு என வரிசையாக எழுதி, மிஞ்சினால் ‘தருமம்’ என்று இறுதியில் ஒரு வரி சேர்ப்பர். மாதந்தோறும் அவ்வரி வெறுமையாகவே இருக்கும். அவ்வரியை ஏட்டின் தலைப்புக்குக் கொண்டுவந்து, சிறு தொகையாயினும் முதலில் எழுதிவிட்டு, எஞ்சியதில் குடும்பத்தை நடத்திப் பார்க்கலாம். அடுத்த சம்பள உயர்வின்போது வேறெந்த வரியையும் தொடாமல் அவ்வரியை மட்டும் சற்றே உயர்த்தியும் பார்க்கலாம். பணம் நம் கையில் இருக்கிறதா, பணத்தின் கையில் நாம் இருக்கிறோமா என்பதை அவ்வொரு வரி நமக்குச் சொல்லிவிடும்.